நரைக்குச் சாயம் பூசலாமா? முடிவெடுக்கும் முன் ஒரு குடும்பம் அறிந்திருக்க வேண்டியவை

 

பெருநாளும் கல்யாணமும் நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "அத்தா, இந்தத் தலையோடவா சபையில உட்காரப் போறீங்க?" என்று மகள் கேட்பாள். "சம்பந்தி வீட்டுக்காரங்க என்னை உங்க அம்மான்னு நினைச்சுட்டாங்க" என்று மனைவி வருந்துவார். மறுநாள் மளிகைக் கடையில் சரமாகத் தொங்கும் சாயப் பொட்டலத்தில் ஒன்று வீட்டுக்கு வந்துவிடும்.

கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் இதற்குள் மார்க்கம், உடல்நலம், பணம், மனம் நான்கும் இருக்கின்றன. சாயம் பூசுவது பாவம் என்று ஒருவர் சொல்வார், பூசாமல் இருப்பதுதான் சுன்னத்துக்கு மாறு என்று மற்றொருவர் சொல்வார். இரண்டும் பாதி உண்மை. முழுவதையும் தெரிந்துகொண்டு அவரவர் வீட்டில் பேசி முடிவெடுக்க உதவவே இக்கட்டுரை.

முடி ஏன் நரைக்கிறது?

நம் முடிக்குக் கறுப்பு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. ஒவ்வொரு முடியின் வேரிலும் அதைத் தயாரிக்கும் செல்கள் உள்ளன. வயது ஏற ஏற அந்தச் செல்கள் குறைகின்றன. அதன்பின் வளரும் முடி நிறமில்லாமல் வளர்கிறது. ஆகவே கறுத்த முடி வெளுப்பதில்லை, வேரிலிருந்து புதிதாக வருவதே வெள்ளையாக வருகிறது. எண்ணெய் தேய்த்தோ ஷாம்பு போட்டோ வந்துவிட்ட நரையைக் கறுப்பாக்க முடியாததற்குக் காரணம் இதுதான். அப்படி விளம்பரம் செய்யும் எண்ணெயில் சாயம் கலந்திருக்கிறது, இல்லையென்றால் அந்த விளம்பரம் பொய்.

எந்த வயதில் நரைக்கும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரையே தீர்மானிக்கிறது. அத்தாவுக்கு முப்பதில் நரைத்திருந்தால் மகனுக்கும் அப்படி நடக்க வாய்ப்பு அதிகம். இந்தியர்களைப் பொறுத்தவரை 25 வயதுக்கு முன் நரைத்தால் அதை இளநரை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

இளநரை வந்த பிள்ளைக்குச் சாயம் வாங்கிக் கொடுக்கும் முன், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு, இரும்புச் சத்துக் குறைவு ஆகியவையும் சீக்கிரம் நரைக்கக் காரணமாகலாம். புகைப்பழக்கத்துக்கும் இளநரைக்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. "நாங்கள் கறி சாப்பிடுகிறவர்கள், எங்களுக்கு எப்படி பி12 குறையும்?" என்று கேட்கலாம். சர்க்கரை நோய்க்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கும், இரைப்பைக் கோளாறு உள்ளவர்களுக்கும் கறி சாப்பிட்டாலும் அந்தச் சத்து உடலில் சேராமல் போகலாம். குறைவைச் சரிசெய்தால் சிலருக்கு நரைப்பது மட்டுப்படும். எல்லாருக்கும் கறுப்பு திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆனால் ரத்தசோகையோ தைராய்டு கோளாறோ தெரியவந்தால் அதுவே பெரிய லாபம். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்குச் செலவு பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நரையைக் குர்ஆன் மனித வாழ்வின் ஒரு படியாகவே பேசுகிறது. பலவீனமாகப் பிறந்தவன் பலம் பெற்று, பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் அடைவதை அர்ரூம் அத்தியாயத்தின் 54ஆம் வசனம் சொல்கிறது. நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் பிள்ளை வரம் கேட்டு இறைஞ்சியபோது தம் தலை நரைத்துவிட்டதை இறைவனிடம் எடுத்துச் சொன்னதை மர்யம் அத்தியாயத்தில் காண்கிறோம். நரைத்த முடியைப் பிடுங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அது முஸ்லிமுக்கு ஒளி என்ற பொருளில் கூறியதாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் பதிவாகியுள்ளது. ஆகவே நரை ஒரு குறை அல்ல, மறைத்தே தீரவேண்டிய அவமானமும் அல்ல.

அதே சமயம் நரைக்கு நிறமிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை, ஊக்கப்படுத்தியும் இருக்கிறார்கள். யூதர்களும் கிறிஸ்தவர்களும் நிறமிடுவதில்லை, நீங்கள் அவர்களுக்கு மாறு செய்யுங்கள் என்ற கருத்தில் அமைந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நரையை மாற்ற மிகச் சிறந்தவை மருதாணியும் 'கத்தம்' என்னும் செடியின் இலையும் என்பதும் ஹதீஸ் நூல்களில் வருகிறது. அபூபக்ர் (ரலி) அவர்கள் மருதாணியையும் கத்தத்தையும் சேர்த்துப் பூசினார்கள். உமர் (ரலி) அவர்கள் மருதாணியை மட்டும் பூசினார்கள்.

கறுப்பு நிறத்தைப் பற்றிய பேச்சு வருவது ஹிஜ்ரி 8இல், மக்கா வெற்றியின்போது. அபூபக்ர் (ரலி) அவர்களின் முதிய தந்தை அபூகுஹாஃபா அழைத்து வரப்பட்டார்கள். அவர்களின் தலையும் தாடியும் வெண்பூப் பூத்த செடிபோல் முழுக்க வெளுத்திருந்தன. அதை ஏதாவது ஒரு நிறத்தால் மாற்றச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், கறுப்பைத் தவிர்க்கும்படி கூறினார்கள். இது முஸ்லிம் நூலில் உள்ளது.

இதை வைத்து ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ போன்றோர் கறுப்புச் சாயம் ஹராம் என்ற முடிவுக்கு வந்தார்கள். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் அது மக்ரூஹ் என்பது பெரும்பான்மைக் கருத்து. இமாம் அபூயூசுஃப் போன்ற சிலர் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஹுஸைன் (ரலி) அவர்கள் 'வஸ்மா' என்ற கருநிற இலைச்சாயம் பூசியிருந்ததாகப் புகாரியில் வரும் செய்தியை அப்படி இடம் கொடுப்போர் எடுத்துக்காட்டுகிறார்கள். போர்க்களத்தில் எதிரிக்கு இளமைத் தோற்றம் காட்டக் கறுப்புப் பூசலாம் என்பதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை.

சஹாபாக்களில் நிறமிட்டவர்களும் இருந்தார்கள், நரையை அப்படியே விட்டவர்களும் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் குறைசொல்லிக்கொள்ளவில்லை. நாமும் அந்தப் பண்பைக் கடைப்பிடிக்க வேண்டும். தொழ வந்தவரின் கறுத்த தாடியைப் பார்த்து முகம் சுளிப்பதோ, நரைத்த தலையோடு வரும் பெண்ணை "இன்னும் மருதாணிகூட வைக்கலையா?" என்று கிண்டல் செய்வதோ மார்க்கம் கற்றுத்தந்த வழி அல்ல. உங்களுக்கென்று தனியாக ஒரு சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஒளு, குளிப்பு பற்றியும் பலர் கேட்கிறார்கள். மருதாணியோ சாயமோ முடிக்குள் ஊறி நிறம் மட்டும் தந்தால் தண்ணீர் படுவதற்குத் தடை இல்லை. முடியின் மேல் படலமாக ஒட்டி உரிந்து வரும் பூச்சு என்றால் அது தண்ணீரைத் தடுக்கும். பூசிய மருதாணி விழுது காய்ந்து தலையில் ஒட்டியிருக்கும்போதும் அப்படித்தான். அதைக் கழுவிவிட்டே குளிப்பை நிறைவேற்ற வேண்டும்.

ஏமாற்று எங்கே நுழைகிறது?

கறுப்பை ஏன் தவிர்க்கச் சொன்னார்கள் என்பதற்கு உலமாக்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று, அது வயதை மறைத்துப் பிறரை ஏமாற்றப் பயன்படும் என்பது. நம் காலத்தில் இதை நேரடியாகக் காணும் இடம் பெண் பார்க்கும் சடங்கு. நாற்பத்தைந்து வயதில் இரண்டாம் திருமணத்துக்குப் பேச வருகிறவர் தலைக்குச் சாயம் பூசியிருக்கலாம், ஆனால் வயதை முப்பத்தெட்டு என்று சொன்னால் அந்த நிக்காஹ் பொய்யின் மேல் நிற்கிறது. பெண் வீட்டார் மகளின் இளநரையைச் சாயத்தால் மறைத்துவிட்டு, கல்யாணத்துக்குப் பின் மாமியார் வீட்டில் அது தெரியவரும்போது அந்தப் பெண் படும் பேச்சு கொஞ்சமல்ல.

இதற்கு எளிய தீர்வு உண்டு. நிறம் பூசுவது ஒன்று, வயதை மறைப்பது வேறொன்று. பூசிக்கொள்ளுங்கள். ஆனால் சம்பந்தம் பேசும்போது உண்மையான வயதையும் இளநரை இருப்பதையும் பெரியவர்கள் வாயிலாகச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுவிட்டு விலகிப்போகும் வரன், பின்னால் வேறொரு சிறிய காரணத்துக்கும் விலகக்கூடியதுதான்.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?

கடையில் விற்கும் கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் பாரா-ஃபீனைலீன்டையமின் என்ற ரசாயனம் இருக்கிறது. சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஒன்றோடு சேரும்போது இது முடிக்குள் நுழைந்து கறுப்பாக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது. 'அமோனியா இல்லாதது' என்று அட்டையில் போட்டிருந்தால் பி.பி.டி.யும் இல்லை என்று பொருள் அல்ல. 'மூலிகை', 'ஹெர்பல்', 'கறுப்பு மருதாணி' என்ற பெயரில் வரும் பொடிகளிலும் இது கலந்திருப்பதுண்டு. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள பொருள்களின் பட்டியலைப் படித்தால் தெரியும். பட்டியலே இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

பெரும்பாலோருக்கு இது ஒன்றும் செய்வதில்லை. சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூசிய ஓரிரு நாளில் தலை அரிக்கும், காதும் நெற்றியும் கழுத்தும் சிவந்து தடிக்கும், கண் இமைகள் வீங்கி மூடிக்கொள்ளும், கொப்புளம் கசியும். "பத்து வருஷமா இதைத்தான் பூசுறேன், ஒண்ணும் ஆகல" என்பது பாதுகாப்பு அல்ல. பல முறை பூசிய பின் ஒரு நாள் திடீரென்று ஒவ்வாமை தொடங்கலாம். தொடங்கிவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் இருக்கும். அடுத்த முறை பூசும்போது முன்னைவிடக் கடுமையாகவே வரும். ஆகவே ஒருமுறை வீங்கியவர் வேறு கம்பெனிச் சாயம் வாங்கிப் பார்க்கக் கூடாது. எல்லாக் கறுப்பிலும் பெரும்பாலும் அதே ரசாயனமோ அதன் உறவுப் பொருளோதான் இருக்கும்.

இதனால்தான், இந்த ரசாயனம் உள்ள சாயத்தின் அட்டையில் முன்சோதனை செய்ய வேண்டும் என்றும், புருவத்திலும் இமை முடியிலும் பூசினால் பார்வை போகலாம் என்றும் எச்சரிக்கை அச்சிட நம் நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. முன்சோதனை எளிதானது. கலந்த சாயத்தில் துளியைக் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்மடிப்பிலோ தடவி, 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தச் சாயம் உங்களுக்கு வேண்டாம். ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

இதிலிருந்து வீட்டுக்கு ஒரு விதி கிடைக்கிறது: மகளின் நிக்காஹுக்கு முந்தின நாள் இரவு, வாழ்க்கையில் முதல் முறையாக யாரும் சாயம் பூசக் கூடாது. கல்யாண நாளில் முகம் வீங்கி ஊசி போட்டுக்கொண்டிருப்பதைவிட நரைத்த தலையோடு மேடையில் உட்காருவது எவ்வளவோ மேல்.

சாயத்தால் புற்றுநோய் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் வெளியிட்ட தொகுப்பில், நாள் முழுதும் இந்த ரசாயனங்களோடு வேலை செய்யும் முடிதிருத்துநர்களின் தொழிலைப் 'புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் அதிகம்' என்ற பிரிவில் வைத்தது. தனக்குத்தானே பூசிக்கொள்பவர்களைப் பற்றி முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. ஆகவே மாதம் ஒருமுறை பூசுபவர் பீதியடைய வேண்டியதில்லை. ஆனால் சலூனில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கையுறை இல்லாமல் சாயம் கலக்கக் கூடாது.

பெருநாள் இரவின் கறுப்புக் கோன்

தலைக்குப் போடும் ரசாயனத்தைக் கையில் போட்டால் என்ன ஆகும்? பெருநாள் முந்திய இரவில் நம் பெண் குழந்தைகள் வைக்கும் சில கோன்களில் அதுதான் நடக்கிறது. உண்மையான மருதாணி சிவக்கச் சில மணி நேரம் வேண்டும். முதலில் ஆரஞ்சு நிறமாகத் தெரிந்து, ஓரிரு நாளில் செம்பழுப்பாகக் கருக்கும். அரை மணி நேரத்தில் கன்னங்கறுப்பாகப் பிடிக்கும் கோன் வெறும் மருதாணியாக இருக்க முடியாது. அதில் பி.பி.டி. கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதனால் கையில் வைத்த கோலத்தின் வடிவத்திலேயே கொப்புளம் கிளம்பி, ஆறியபின் தழும்பாகலாம். அதைவிடப் பெரிய சேதம் பின்னால் வருவது. பத்து வயதில் கறுப்புக் கோனால் ஒவ்வாமை பெற்ற பெண், முப்பத்தைந்து வயதில் முதல் முறையாகத் தலைச்சாயம் பூசும்போது கடுமையாகப் பாதிக்கப்படலாம். குழந்தைகளுக்கு அரைத்த மருதாணி இலையே போதும். ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மட்டும் சுத்தமான மருதாணியும் ரத்த அணுக்களைச் சிதைக்கலாம் என்பதால் அவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் வைக்க வேண்டாம்.

மருதாணியும் அவுரியும்

ரசாயனம் வேண்டாம், நிறம் வேண்டும் என்பவர்களுக்கு நம் முன்னோர் வழி திறந்தே இருக்கிறது. மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற பொருள் முடியின் புரதத்தோடு பிணைந்து செம்மஞ்சள் நிறம் தருகிறது. கடைகளில் கிடைக்கும் பொடியில் பெரும்பகுதி ராஜஸ்தானின் சோஜத் பகுதியிலிருந்து வருவது. அவுரி இலை நீலம் தருகிறது. செம்மஞ்சளின் மேல் நீலம் ஏறும்போது பழுப்பும் கரும்பழுப்பும் கிடைக்கின்றன. அவுரி நம் தமிழ்நாட்டிலேயே விளைகிறது, நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாகக் கிடைக்கும்.

செய்முறை இதுதான். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் முதல் நாளே தலையை அலசிக்கொள்ளுங்கள். மருதாணிப் பொடியைத் தேயிலைத் தண்ணீரில் குழைத்துச் சில மணி நேரம் ஊறவிட்டுப் பூசி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஷாம்பு இல்லாமல் அலசுங்கள். சிவப்பு போதும் என்றால் அத்தோடு நிறுத்தலாம். பழுப்பு வேண்டும் என்றால் அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, கால் மணி நேரத்துக்குள் பூசிவிடுங்கள். நேரமானால் அவுரியின் வீரியம் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். முதலில் பச்சையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஓரிரு நாளில் நிறம் தெளியும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே தடவையாகப் பூசினால் இளம்பழுப்பு கிடைக்கும். கறுப்பைத் தவிர்க்க விரும்புபவர்களுக்கு இது ஏற்றது.

இதிலும் சிரமம் உண்டு. அரை நாள் போய்விடும். தலையணை உறை கறைபடும். விடியற்காலையில் குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு நாள், அதையும் இதற்குக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே பொட்டலச் சாயம் பூசுபவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது நியாயமல்ல.

பூட்டி வைக்க வேண்டிய பொருள்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லாரும் படிக்க வேண்டும். தலைச்சாயத்தைத் தவறியோ வேண்டுமென்றோ விழுங்குவது உயிரைப் பறிக்கக்கூடியது. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் உள்ள மருத்துவமனைகள் இத்தகைய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் தொடர்ந்து எழுதி வந்திருக்கின்றன. சில மணி நேரத்தில் முகமும் கழுத்தும் நாக்கும் வீங்கி மூச்சு அடைக்கும். தசைகள் சிதைந்து, சிறுநீர் கருத்து, சிறுநீரகம் செயலிழக்கும். இதற்கென்று தனி மாற்றுமருந்து கிடையாது. சீக்கிரம் மருத்துவமனை சேர்ந்து மூச்சுப் பாதையையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றுவதே சிகிச்சை.

யாராவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நன்றாக இருக்கிறாரே என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள், பொட்டலத்தையும் கையோடு கொண்டு போங்கள். கம்பத்திலிருந்தோ கூடலூரிலிருந்தோ க.விலக்குக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும் என்பதால் முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்டி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் போவது பாதுகாப்பு.

சாயத்தைச் சமையலறையிலோ குளியலறை மாடத்திலோ வைக்காதீர்கள். மீதியைத் தம்ளரிலும் பழைய மருந்து பாட்டிலிலும் ஊற்றி வைக்காதீர்கள். ஒரு முறைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். வீட்டில் மனம் உடைந்த நிலையில் ஒருவர் இருந்தால், இப்படிப்பட்ட பொருள் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்வதோடு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம்.

நரையோடு இருக்க முடிவு செய்தால்

இப்போது மறுபக்கம். நம் கண்ணுக்குப் பழகிய பெரிய மனிதர்களை நினைத்துப் பாருங்கள். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களின் வெண்தாடி இல்லாமல் அவர்களின் முகம் நம் நினைவில் வருவதில்லை. 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்த ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்களின் வெள்ளி முடியை நாட்டின் பிள்ளைகளெல்லாம் படமாக வரைந்தார்கள். சினிமாவில்கூட, 2011இல் வந்த 'மங்காத்தா'வில் அஜித்குமார் நரைத்த தலையோடு நடித்தபின், அது இளைஞர்கள் விரும்பும் தோற்றமாகவே ஆனது.

ஆனால் இவர்கள் எல்லாரும் ஆண்கள். நரை ஆணுக்குக் கம்பீரம், பெண்ணுக்குக் கிழத்தனம் என்று நம் பேச்சு இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறது. ஐம்பது வயதுக் கணவர் நரையோடு கடையில் உட்காரலாம், நாற்பத்தைந்து வயது மனைவி மட்டும் மாதாமாதம் சாயம் பூச வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மனைவி தனக்காகவோ கணவருக்காகவோ அழகுபடுத்திக்கொள்வது நல்ல விஷயம்தான். அது பயத்தால் நடந்தால் நல்லதல்ல. "உனக்கு இது நன்றாகத்தான் இருக்கிறது" என்று கணவர் சொல்லும் ஒரு வார்த்தை, பல பொட்டலங்களை மிச்சப்படுத்தும்.

பணக் கணக்கையும் பாருங்கள். மாதம் 150 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,800 ரூபாய், இருபது ஆண்டுகளில் 36,000 ரூபாய். சலூனில் பூசினால் இன்னும் அதிகம். இது பெரிய தொகையா, சிறிய தொகையா என்பதை அவரவர் குடும்பம் தீர்மானிக்கட்டும்.

சாயத்தை நிறுத்த நினைப்பவர்களைத் தடுப்பது பெரும்பாலும் இடைக்காலம்தான். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அடியில் வெள்ளையும் நுனியில் கறுப்புமாகச் சில மாதங்கள் கோடு போட்டதுபோல் தெரியும். ஆண்கள் ஒட்ட வெட்டிக்கொண்டால் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். உம்ராவோ ஹஜ்ஜோ முடித்துத் தலை மழித்து வருபவர்களுக்கு இதைவிட நல்ல தருணம் கிடையாது, வளர்வது எல்லாம் சொந்த நிறம். பெண்களுக்கு நீளமான முடி என்பதால் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆகலாம். அதுவரை வேரோரத்தில் மருதாணி பூசிக்கொண்டால் கோடு உறுத்தாது. நுனியைச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே வரலாம்.

ஓரிரு நரை கண்டதும் பிடுங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒன்றைப் பிடுங்கினால் ஒன்பது முளைக்கும் என்பது உண்மையல்ல. ஆனால் அதே வேரிலிருந்து மறுபடி வெள்ளைதான் வரும். பிடுங்கிக்கொண்டே இருந்தால் அந்த வேர் முடி வளர்ப்பதையே நிறுத்திவிடலாம்.

முடிவு உங்களுடையது

முடிவெடுக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதை யாருக்காகச் செய்கிறேன், விருப்பத்தாலா, பயத்தாலா? நான் பூசும் நிறமும் பொருளும் மார்க்கம் அனுமதித்த எல்லைக்குள் இருக்கின்றனவா? என் உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா, சோதித்துப் பார்த்தேனா? இதனால் யாராவது ஏமாறுகிறார்களா?

நான்குக்கும் மனம் நிம்மதியாகப் பதில் சொன்னால் பூசிக்கொள்ளுங்கள். பூச விருப்பமில்லை என்றால் நரையோடு தலைநிமிர்ந்து நடங்கள். பூசியவரும் பூசாதவரும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவர்கள்தானே. வயது ஏறுவதை நம்மில் யாராலும் நிறுத்த முடியாது. நம் வீட்டில் நரைத்தவர்கள் மனம் நோகாமல் வாழ்கிறார்களா என்பது நம் கையில் இருக்கிறது. அல்லாஹ் நம் முதுமையை ஆரோக்கியமும் கண்ணியமும் உள்ளதாக ஆக்குவானாக. ஆமீன்.